ஃபைப்ரோமயால்ஜியாவோடு அன்றாட வாழ்க்கை: நல்ல நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும்

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. வயது 38. கழுத்தில் தொடங்கிய வலி மூன்று ஆண்டுகளில் தோள், இடுப்பு, தொடை என்று உடல் முழுவதும் பரவிவிட்டது. எத்தனை மணி நேரம் படுத்திருந்தாலும் காலையில் அடித்துப் போட்டாற்போன்ற அசதியோடுதான் எழுந்திருக்கிறீர்கள். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எல்லாமே சரியாக இருப்பதாக வந்தன. கடைசியில் ஒரு மருத்துவர் இது ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லி, இரவில் போட ஒரு மாத்திரையும் எழுதிக்கொடுத்து, இதோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். எப்படிப் பழகுவது என்பதை யாரும் சொல்லவில்லை, உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள், செய்தால் இரண்டு நாள் படுக்கையில் விழுகிறேன், வீட்டிலோ ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையே என்கிறார்கள், நான் என்னதான் செய்யட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாள்பட்ட வலியுள்ளவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை தரும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். உங்கள் நீண்ட கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியை. "உடம்பு கொஞ்சம் தேவலை என்று தோன்றும் நாளில் தேங்கிக் கிடக்கும் வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிடுவேன், அதற்குப் பிறகு மூன்று நாள் எழுந்திருக்க முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயோடு வாழும் வழி இந்தப் பழக்கத்தை மாற்றுவதில்தான் தொடங்குகிறது என்பது நான் கண்ட அனுபவம். வலி மிகுந்த நாளில் உடம்பே உங்களைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. பிடித்து நிறுத்த எதுவும் இல்லாத நாள், நல்ல நாள்தான்.

காரணம் புரிந்தால்தான் நான் சொல்லப்போகும் முறைகளில் உங்களுக்கு நம்பிக்கை வரும் என்பதால், நோயைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். ஃபைப்ரோமயால்ஜியாவில் தசையோ மூட்டோ சிதைவதில்லை. வலிச் செய்தியைக் கையாளும் தண்டுவடமும் மூளையும் தங்கள் உணர்கூர்மையை அளவுக்கு மீறிக் கூட்டி வைத்துக்கொள்கின்றன. அதனால் சாதாரண அழுத்தம் வலியாகவும், சிறிய வலி பெரிய வலியாகவும் உணரப்படுகிறது. மூளையிலிருந்து இறங்கி வந்து வலியைத் தணிக்க வேண்டிய நரம்புவழிகளும் தங்கள் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. 2002 இல் வெளியான ஓர் ஆய்வில், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து இந்நோயாளிகளின் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல அழுத்தினார்கள். மற்றவர்களுக்கு வெறும் தொடுகையாகத் தெரிந்த அந்த அழுத்தத்துக்கே இவர்களுக்கு வலித்தது. வலியை உணரும் மூளைப் பகுதிகளில் அதற்கேற்ற செயல்பாடும் பதிவாயிற்று. நோயில்லாதவர்களுக்கு அதே அளவு வலியை உண்டாக்க அதைவிடக் கணிசமாகக் கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டது. 2017 இல் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் இவ்வகை வலிக்கு 'நோசிபிளாஸ்டிக் வலி' என்று தனிப் பெயரே வைத்தது. ஆகவே உங்கள் வலி கற்பனையும் இல்லை, மனப்பிராந்தியும் இல்லை. மூட்டையும் தசையையும் படம் பிடிக்கும் வழக்கமான பரிசோதனைகள் இந்த உணர்கூர்மையைக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இப்படிக் கூர்ந்துவிட்ட நரம்பு மண்டலத்துக்குத் திடீர் ஏற்ற இறக்கம் ஆகாது. ஒரே நாளில் ஆறு மணி நேர வேலையும் ஆகாது, அதை ஈடுகட்ட மூன்று நாள் படுக்கையும் ஆகாது. ஏனெனில் படுத்துக் கிடக்கும் நாட்களில் தசையின் வலுவும் இதயத்தின் தாங்குதிறனும் குறைகின்றன. அடுத்த நல்ல நாளில் முன்பு தாங்கிய வேலையைக்கூட உடம்பு தாங்குவதில்லை. இந்தச் சக்கரம் சுழலச் சுழல நல்ல நாட்கள் குறைந்துகொண்டே வரும். அதை உடைக்க ஒரே வழி, வேலையின் அளவை அன்றைய வலியிடம் கேட்டு முடிவு செய்யாமல் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்வது.

அளவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்கிறேன். வலியைக் கிளப்பும் வேலை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, நின்றுகொண்டு பாத்திரம் கழுவுவது. மூன்று வெவ்வேறு நாட்களில், அதில் ஒன்று மோசமான நாளாகவும் ஒன்று நல்ல நாளாகவும் இருக்கட்டும், வலி ஏறத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 12, 20, 13 என்று வந்தால் சராசரி 15. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 12. இனி எந்த நாளாக இருந்தாலும் 12 நிமிடத்துக்கு டைமர் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மணி அடித்ததும் கையில் இருக்கும் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு உட்காருங்கள். ஐந்து நிமிடம் ஓய்வு, அல்லது முற்றிலும் வேறு தசைகளைப் பயன்படுத்தும் வேறொரு வேலை, பிறகு வேண்டுமானால் இன்னொரு 12 நிமிடம். மோசமான நாளில் அந்த அளவை முடிந்தவரை எட்டப் பாருங்கள், நல்ல நாளில் அதைத் தாண்டாதீர்கள். இரண்டு வாரம் சிக்கலின்றிப் போனால் ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

எளிமையாகத் தோன்றும் இதில் கடினமான இடம் ஒன்று உண்டு. என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்குத் துணி மடிப்பதுதான் பெரும் பாடு. ஒரு கூடைத் துணியை நின்றபடியே மடித்து முடித்துவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார். அவருக்கு எட்டு நிமிடம் என்று கணக்கு வந்தது. மேசையருகே நாற்காலி போட்டு, கூடையைத் தரையில் வைக்காமல் பக்கத்து நாற்காலியில் ஏற்றிவைத்து, முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கும்படி மடிக்கச் சொன்னேன். முதல் வாரம் வந்தவர், "மணி அடிக்கும்போது இன்னும் நான்கே நான்கு துணிதான் இருக்கும், அதை அப்படியே போட்டுவிட்டு எழுந்திருக்க மனசு கேட்கவில்லை" என்றார். அந்த நான்கு துணிதான் அடுத்த நாளைத் தீர்மானிக்கிறது என்பதை அவர் உணர ஒரு மாதம் ஆயிற்று. வேலையைப் பாதியில் விடுவதைச் சோம்பல் என்று பழகிவிட்ட மனத்துக்கு இது உண்மையிலேயே கடினம். உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்களும் அந்த ரகம்தான் என்று தெரிகிறது. அதனால் அழுத்திச் சொல்கிறேன், அரைகுறையாக நிறுத்துவதுதான் இங்கே நீங்கள் கற்க வேண்டிய திறமை.

கணக்கில் சேர்க்க மறந்துவிடும் சுமைகளும் உண்டு. இந்நோயில் வலிக்கு மட்டும் கூர்மை கூடுவதில்லை. சத்தம், பளிச்சென்ற வெளிச்சம், நெடி, குளிர், இறுக்கமான உடை ஆகியவையும் பலரை வாட்டுகின்றன. கூட்டமான இடத்தில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்து வந்தாலே ஏன் இப்படித் துவண்டு போகிறேன் என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு விடை இதுதான். அப்படிப் போகும் நாளில் உடலுழைப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், நடுவில் பத்து நிமிடம் அமைதியான இடத்தில் கண்ணை மூடி உட்காருங்கள், வெயிலில் கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். மன உளைச்சலும் இந்தக் கணக்கில்தான் வரும். ஒரு கடுமையான வாக்குவாதம் மாடிப்படி ஏறியிறங்கியதற்குச் சமமாக உடம்பில் பதிவதை நோயாளிகள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இனி உடற்பயிற்சி. ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார் 2016 இல் திருத்திய பரிந்துரைகளில், மருந்து உட்பட எத்தனையோ சிகிச்சைகளைச் சீர்தூக்கிப் பார்த்து, வலுவான பரிந்துரை என்று ஒன்றே ஒன்றுக்குத்தான் கொடுத்தது, அது உடற்பயிற்சி. ஆனால் உங்களுக்கு அது வேதனையைத்தான் தந்தது என்கிறீர்கள், அதையும் நான் முழுமையாக நம்புகிறேன். நோயில்லாதவர்களுக்குப் பயிற்சியின்போது உடலே வலியைத் தணித்துக்கொள்ளும். ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்கள் பலரிடம் அந்த ஏற்பாடு பலவீனமாக இருப்பதால், மற்றவர்களுக்கு எழுதிய அட்டவணை இவர்களுக்குப் பொருந்தாது. நீங்கள் முதல் நாளே அரை மணி நேரம் வேகமாக நடந்திருக்கிறீர்கள். தவறு பயிற்சியில் இல்லை, தொடங்கிய அளவில் இருக்கிறது.

சமதளத்தில் ஐந்து நிமிடம் நடப்பதிலிருந்து தொடங்குங்கள். அதுவே அதிகம் என்றால் மூன்று நிமிடம். நடக்கும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும், அதுதான் வேகத்துக்கு அளவுகோல். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினாலே போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 நிமிடம் என்ற நிலையை எட்டச் சில மாதங்கள் ஆகும், ஆகட்டும். பயிற்சிக்குப் பின் வலி சற்றுக் கூடுவது இயல்பு. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி என்று கொள்ளுங்கள். இரண்டு நாளாகியும் தணியவில்லை என்றால் அளவு மிகுந்துவிட்டது. பயிற்சியையே விட்டுவிடாமல் பாதியாகக் குறைத்துத் தொடருங்கள்.

பலரும் அறியாத ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தசை சுருங்கும்போது ஏற்படும் வலியைவிட, பாரத்தைத் தாங்கியபடியே தசை நீளும்போது அடுத்த நாள் வலி கூடுதலாக வரும். படி ஏறுவதைவிட இறங்குவதும், எடையைத் தூக்குவதைவிட மெதுவாகக் கீழே இறக்குவதும் தொடையையும் கையையும் அதிகம் நோகச் செய்வது இதனால்தான். தொடக்க மாதங்களில் சரிவான பாதையில் இறங்கி நடப்பதைத் தவிருங்கள். வசதியிருந்தால் வெதுவெதுப்பான நீருள்ள குளத்தில் நடப்பது மிக நல்லது. நீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்வதால் மூட்டுகளுக்கு அதிர்வு இல்லை, வெதுவெதுப்பு தசைகளைத் தளர்த்துகிறது. தை சி என்னும் மெதுவான சீன அசைவுப் பயிற்சியையும் பரிந்துரைப்பேன். 226 பேரைக் கொண்டு நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அது வழக்கமான ஏரோபிக் பயிற்சிக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ பலன் தந்தது. எந்தப் பயிற்சி என்பதைவிட, ஆறு மாதம் கழித்தும் நீங்கள் விரும்பித் தொடரக்கூடியது எது என்பதே முக்கியம்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், நான் அதற்குக் கூடுதல் இடம் கொடுப்பேன். கனடாவைச் சேர்ந்த ஹார்வி மோல்டோஃப்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 1975 இல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாதவர்கள் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகும்போதெல்லாம் ஒலியெழுப்பி, அவர்களை முழுதாக எழுப்பாமல் உறக்கத்தின் ஆழத்தை மட்டும் கலைத்தார்கள். சில இரவுகளுக்குள் அவர்களுக்கும் உடல்வலியும், தொட்டால் நோவும், அசதியும் வந்தன. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கெட்ட தூக்கம் வலியை வளர்க்கிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது. எனவே தூக்கத்தைச் சீராக்குவது நேரடியான வலிச் சிகிச்சை.

அதில் முதல் வேலை, எழுந்திருக்கும் நேரத்தை நிலைநிறுத்துவது. படுக்கப் போகும் நேரம் முன்பின் ஆகலாம், எழும் நேரம் விடுமுறை நாளிலும் மாறக்கூடாது. பகலில் ஓய்வெடுக்கப் படுக்கையைப் பயன்படுத்தாதீர்கள். சாய்வு நாற்காலியோ வேறு அறையோ போதும். படுக்கையிலேயே பாதி நாளைக் கழிக்கும் உடம்பு, அது தூங்குமிடம் என்பதை மறந்துவிடுகிறது. பகலில் கண்ணயர்ந்தே ஆக வேண்டுமென்றால் மூன்று மணிக்கு முன், 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு. உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் மதியத்துக்குப் பிறகு காபியும் தேநீரும் வேண்டாம். பக்கவாட்டில் படுப்பவரானால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையும், மேல்கையைத் தாங்க மார்போடு அணைத்தபடி ஒரு தலையணையும் வைத்துப் பாருங்கள். இடுப்பும் தோளும் இரவு முழுவதும் இழுபடாமல் இருக்கும். குறட்டையும் மூச்சுத் தடையும் இருப்பதாக வீட்டார் சொன்னாலோ, இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் போன்ற தவிப்பு இருந்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முன்னது தூக்க மூச்சடைப்பாக இருக்கலாம். பின்னதற்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் தனிச் சிகிச்சை உண்டு.

காலை விறைப்புக்கு, எழுவதற்கு முன் படுத்தபடியே கணுக்கால், முழங்கால், தோள் ஆகியவற்றை ஐந்தைந்து முறை மெதுவாக அசைத்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழுந்திருங்கள். வெந்நீர்க் குளியல் பலருக்கு உதவுகிறது. வலி மிகுந்த இடத்தில் 15 முதல் 20 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். துணி சுற்றாமல் வைக்காதீர்கள், வைத்தபடியே தூங்கிவிடாதீர்கள். யாரேனும் பிடித்துவிட்டால் இதமாக இருக்கிறது என்றால் மென்மையாகத் தடவச் சொல்லுங்கள். முடிச்சை உடைக்கிறேன் என்று கட்டைவிரலால் அழுந்தப் பிசைவது இந்த நோயில் பெரும்பாலும் இரண்டு நாள் வேதனையில்தான் முடிகிறது. கணினி முன் உட்காரும் வேலை என்று எழுதியிருந்தீர்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். அப்போது பற்களைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா, தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து, தளர்த்தி, மூச்சை உள்ளிழுப்பதைவிட நீளமாக ஐந்தாறு முறை வெளிவிடுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோவது, அறைக்குள் வந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நிற்பது ஆகியவற்றை நினைத்து, மறதி நோய் தொடங்கிவிட்டதோ என்று பயந்திருக்கிறீர்கள். இந்த மூளை மந்தம் ஃபைப்ரோமயால்ஜியாவின் பொதுவான அறிகுறி; தூக்கம் சீராகும்போது பலருக்கு இதுவும் குறைகிறது. அதுவரை நினைவை நம்பாமல் காகிதத்தை நம்புங்கள். ஒரே குறிப்பேடு, ஒரே இடம், மாத்திரைக்குக் கிழமை எழுதிய பெட்டி. கவனம் வேண்டிய வேலைகளை, நாளில் உங்கள் தலை தெளிவாக இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தைப் பற்றி உங்கள் மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும், நான் பொதுவாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். இரவில் போடச் சொன்னது அமிட்ரிப்டிலின் என்றால், 10 முதல் 25 மில்லிகிராம் போன்ற குறைந்த அளவில் அது தூக்கத்துக்காகவும் வலிக்காகவும் தரப்படுவது. மனச்சோர்வு மருந்தை ஏன் கொடுத்தார்கள் என்று வருந்த வேண்டாம். காலையில் தலை கனத்தால், படுப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்னதாகவே போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். டுலோக்செட்டின், பிரிகாபலின் ஆகியவையும் பயன்படுகின்றன. இவை எதுவும் எல்லோருக்கும் பலிப்பதில்லை, பலிப்பவர்களுக்கும் வலியைக் குறைக்குமே தவிர முற்றாக நீக்காது. எதையும் தானாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. கருத்தரிக்கும் எண்ணமிருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இப்யூபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளும் ஸ்டீராய்டுகளும் அழற்சியைத் தணிப்பவை. அழற்சியே இல்லாத இந்த நோயில் அவை பெரிதாக உதவுவதில்லை, நாள்தோறும் விழுங்கினால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. கடைக்குப் போய் அவற்றைத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து அதை இன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உணவைப் பொறுத்தவரை, இந்த நோயைக் குணப்படுத்துவதாக நிறுவப்பட்ட பத்திய முறை எதுவும் இல்லை. நேரம் தவறாமல் சாப்பிடுவதும் எடை கூடாமல் பார்த்துக்கொள்வதும் போதும்.

வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்ற கேள்விதான் உங்களை மிகவும் வருத்துகிறது என்று தெரிகிறது. ஒற்றைத் தலைவலியை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். அதுவும் எந்த ஸ்கேனிலும் தெரிவதில்லை, அதற்காக யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. இந்த நோயை ரிப்போர்ட்டைக் கொண்டு கண்டறிவதில்லை என்பதையும் சொல்லுங்கள். உடலை 19 பகுதிகளாகப் பிரித்து எத்தனை இடத்தில் வலி இருக்கிறது என்று எண்ணி, அசதி, தெளிவற்ற விழிப்பு, மறதி முதலியவற்றின் கடுமையையும் சேர்த்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர்கள் முடிவுக்கு வருகிறார்கள். இரத்தப் பரிசோதனைகள் செய்வது தைராய்டுக் குறைவு, முடக்குவாதம் போன்ற வேறு நோய்கள் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளத்தான். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டிலிருந்து ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்; நீங்கள் பத்து முறை சொன்னது மருத்துவர் வாயிலிருந்து ஒரு முறை வந்தால் போதும்.

அதோடு, உதவி கேட்கும்போது பொதுவாக "எனக்கு முடியவில்லை" என்று சொல்லாமல், "கனமான பையை நீங்கள் தூக்குங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று குறிப்பாகக் கேளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத தவிப்பும் பல வீடுகளில் சலிப்பாகத்தான் வெளிப்படுகிறது. முகத்தில் ஒன்றும் தெரியாத நோய் என்பதால், உங்களை நேசிப்பவர்களுக்கும் இன்று எப்படிப்பட்ட நாள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் காலையில் ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள், அதற்கு மேல் விளக்கம் கேட்பதில்லை. அந்த ஒற்றை எண்ணால் அந்த வீட்டில் எத்தனையோ சண்டைகள் குறைந்ததை நான் பார்த்தேன்.

இரண்டு எச்சரிக்கைகள். ஃபைப்ரோமயால்ஜியா என்று ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் பிறகு வரும் எல்லா உபாதையையும் அதன் தலையில் கட்டிவிடும் ஆபத்து உண்டு. மூட்டு வீங்கிச் சூடாவது, காய்ச்சல், காரணமின்றி எடை குறைவது, கை காலில் பலம் குறைவது, சிறுநீர் மலக் கட்டுப்பாடு இழப்பது, நெஞ்சுவலி ஆகியவற்றை இந்த நோய்தான் என்று விட்டுவிடக்கூடாது. வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றொன்று மனம். ஆண்டுக்கணக்கில் வலியோடு இருப்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது பலவீனத்தால் அல்ல. எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் அறிதல் நடத்தைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் சில அமர்வுகள் செல்வது வலியைக் கையாள உதவும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் வலி ஏறும் நாட்கள் வரத்தான் செய்யும். ஒரு சளிக்காய்ச்சல், ஓர் இரவுப் பயணம், திடீர்க் குளிர் போதும். அந்த நாளில் யோசித்து முடிவெடுக்கத் தலையும் ஒத்துழைக்காது என்பதால், நன்றாக இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து அரைப் பக்கக் காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். அன்று செய்தே ஆக வேண்டிய மூன்று வேலைகள் எவை, எவற்றை யாரிடம் ஒப்படைப்பது, மருத்துவர் அனுமதித்த மருந்து எது, ஒத்தடப் பை எங்கே இருக்கிறது என்பவை முதலில் இருக்கட்டும். அதன் கீழே, முழு நாளும் படுக்காமல் மணிக்கு ஒருமுறை எழுந்து வீட்டுக்குள்ளேயே இரண்டு நிமிடம் நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். வலி தணிந்த முதல் நாளில் டைமரைப் பழைய அளவில் பாதிக்கு வைக்க வேண்டும் என்பதை எழுதி, அதற்கடுத்த வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: விட்டுப்போன வேலைகளை இன்று பிடிக்கப் போவதில்லை.